டி.எஸ்.எச். 6.8 என்று வந்தால்

தைராய்டு ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 6.8, பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ஹை'. அதைப் பார்த்ததுமே ஆயுசுக்கும் மாத்திரைதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் தைராய்டில் சுரப்பதல்ல. தைராய்டை வேலை வாங்குவதற்காக மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பது. தைராய்டு மந்தமானால் ஏறும், அதிகமாகச் சுரந்தால் இறங்கும். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 கொஞ்சம் குறைந்தாலே டி.எஸ்.எச். மடங்கு கணக்கில் எகிறிவிடும். பெரியவர்களுக்குச் சுமாராக 0.4 முதல் 4 வரை நார்மல்; லேபுக்கு லேப் சற்று மாறும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஃப்ரீ டி4 (எஃப்.டி4), அதாவது ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4. ஆனால் 'தைராய்டு ப்ரொஃபைல்' என்று கேட்டால் பல லேப்களில் எடுப்பது மொத்த டி3, மொத்த டி4. இவை புரதத்தோடு ஒட்டியிருக்கும் ஹார்மோனையும் சேர்த்தே காட்டும். கர்ப்பத்திலும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அந்தப் புரதம் கூடுவதால், தைராய்டு நன்றாக இருந்தாலும் எண் ஏறும். 'எஃப்.டி4' என்றே சீட்டில் எழுதி வாங்குங்கள்.

எஃப்.டி4 நார்மல், டி.எஸ்.எச். 10-க்குள் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள், கூடவே உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் ஆன்டி டி.பி.ஓ. டெஸ்டும். பெரிய நோயிலிருந்து தேறும்போது தற்காலிகமாக ஏறி, தானே இறங்குவதும் உண்டு. கர்ப்பிணிகள் மட்டும் இப்படிக் காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். எஃப்.டி4 குறைந்தும் டி.எஸ்.எச். ஏறாமல் இருந்தால் சந்தேகம் பிட்யூட்டரி மேல். டி.எஸ்.எச். மட்டும் எடுத்தால் இது தப்பிவிடும்.

ஏற்கெனவே தைராக்ஸின் (டி4 மாத்திரை) சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரையைப் போடலாம். முன்பே போட்டால் சில மணி நேரம் எஃப்.டி4 கூடுதலாகத் தெரியும். டி.எஸ்.எச். மெதுவாகத்தான் மாறும் என்பதால், டோஸ் மாற்றினால் ஆறு வாரமாவது கழித்துத்தான் டெஸ்ட். பல வாரம் மாத்திரையை விட்டுவிட்டு, டெஸ்டுக்கு முன் நாலு நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டவர்களை ரிப்போர்ட்டே காட்டிக்கொடுத்துவிடும்: டி4 சரியாக இருக்கும், டி.எஸ்.எச். இறங்கியிருக்காது.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டெஸ்டுக்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்துங்கள். சில கருவிகளில் அது டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். முடி கொட்டக் காரணமே தைராய்டு மந்தம் என்றால், ரிப்போர்ட் அதை மறைத்துவிடும்.