நீட் மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம் என்ன சொல்வது?

2025 ஜூனில் நீட் முடிவு வெளியாகி மூன்று நாள் கழிந்த ஒரு மாலையில், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் ஓர் அம்மா தம் மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். அதிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவிவிட்டு என் முன்னால் வைத்தார். 720-க்கு 312. “பையன் பாஸ் பண்ணிட்டான் டீச்சர், டாக்டர் சீட்டு கிடைச்சிடும்ல?” என்று கேட்டார். பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு விடை தெரிந்திருந்தது என்று எனக்குப் புரிந்தது.

தருமபுரி மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நீண்ட காலம் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். 2017 முதல் ஒவ்வோர் ஆண்டும் முடிவு வெளியாகும் காலத்தில் இந்தக் கேள்வி என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. அதற்கு முன்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே மருத்துவ இடம் வழங்கப்பட்ட காலத்தில், உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டுப் பார்த்தால், சென்ற ஆண்டு எத்தனையில் நின்றது என்பதோடு ஒப்பிட்டு, படிக்காத பெற்றோர்கூட ஓரளவுக்கு நிலைமையைப் புரிந்துகொள்வார்கள். இப்போது அப்படி முடிவதில்லை. ஆகவே தெரிந்த ஆசிரியரைத் தேடி வருகிறார்கள். அவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லை நம்பி ஓராண்டையும் ஒரு லட்சம் ரூபாயையும் செலவிடத் துணிகிறார்கள். அந்தச் சொல்லை எவ்வளவு பொறுப்போடு சொல்ல வேண்டும் என்பதை நான் பிந்தித்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் குழப்பம் ‘தேர்ச்சி’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. நம் பேச்சில் தேர்ச்சி என்றால் காரியம் முடிந்தது என்று பொருள். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி என்றால் பதினொன்றாம் வகுப்புக்குப் போகலாம். நீட்டில் தேர்ச்சி என்பது கலந்தாய்வு வரிசையில் நிற்க அனுமதி கிடைத்திருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. 2025-இல் தேர்வு எழுதிய ஏறத்தாழ 22 லட்சம் பேரில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். நாடு முழுவதும் அரசு, தனியார் எல்லாம் சேர்த்து எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறக்குறைய 1.2 லட்சம்தான். பொதுப் பிரிவுக்கு 144, பிற்படுத்தப்பட்ட, பட்டியலினப் பிரிவுகளுக்கு 113 என்று தகுதி மதிப்பெண் நின்ற ஆண்டில் 312 வாங்கிய பிள்ளையைத் தோற்றவன் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனாலும் அவனுக்கு முன்னால் பல லட்சம் பேர் நிற்கிறார்கள். இதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். இருந்தும், ‘வாய்ப்பு இருக்கு, பார்ப்போம்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

நானும் அப்படி அனுப்பியவள்தான். 2022-இல் என்னிடம் வந்த ஒரு மாணவன் முதல் முயற்சியில் முந்நூறுக்குக் கீழே வாங்கியிருந்தான். தனியார் பள்ளியில் படித்தவன், பணிவானவன், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படிப்பவன். “உழைக்கிற பிள்ளை வீண்போகாது, இன்னொரு வருஷம் எழுதுப்பா” என்றேன். மறு ஆண்டு ஐம்பது மதிப்பெண் போல் கூடியது. கூடியிருக்கிறதே என்று மகிழ்ந்து மீண்டும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை, 2024-இல், மதிப்பெண் ஏறியதுபோல் தெரிந்தது. தரவரிசையோ கீழே போயிருந்தது. அந்த ஆண்டு எல்லோருக்குமே மதிப்பெண் ஏறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. கலந்தாய்வுச் சுற்றுகள் ஒவ்வொன்றாக முடிய முடியக் காத்திருந்துவிட்டு, செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் வந்து, “டீச்சர், இப்போ எதுக்கு அப்ளை பண்ணலாம்?” என்று கேட்டான். துணை மருத்துவப் படிப்புகளுக்கான விண்ணப்ப நாள் கடந்துவிட்டிருந்தது. அருகிலிருந்த கலை அறிவியல் கல்லூரிகளிலும் சேர்க்கை முடிந்திருந்தது. அவன் என்னைக் குறை சொல்லவில்லை. அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இன்று ஓர் அரசுக் கல்லூரியில் தன்னைவிட மூன்று வயது இளையவர்களோடு உட்கார்ந்து பி.எஸ்சி. படிக்கிறான்.

அந்த மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட அவனுடைய விடைத்தாளை நான் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை. அவன் உழைப்பைப் பார்த்தேன், பணிவைப் பார்த்தேன், அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். எந்தப் பாடத்தில் எத்தனை கேள்விகளை இழக்கிறான், ஏன் இழக்கிறான் என்பதைப் பார்க்கவில்லை. நான் கொடுத்த ஊக்கத்துக்கு அடியில் எந்தக் கணக்கும் இல்லை.

இதற்கு நேர் எதிரான தவற்றையும் பார்த்திருக்கிறேன். அதே 2022-இல் எங்கள் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பிலிருந்து படித்த ஒரு மாணவி 272 வாங்கினாள். உடன் பணியாற்றிய ஒருவர் அந்த எண்ணை மட்டும் கேட்டுவிட்டு, “இது உனக்கு வராதும்மா, வேற ஏதாவது பாரு” என்று சொல்லிவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஏமாற்ற வேண்டாம் என்று நினைத்தார். ஆனால் பார்க்காமல் சொன்ன ‘முடியாது’, பார்க்காமல் நான் சொன்ன ‘முடியும்’ போன்றதுதான்.

அந்த மாணவியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, வினாத்தாளையும் ஓ.எம்.ஆர். விடைத்தாள் நகலையும் விடைக்குறிப்பையும் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்தோம். விடையளிக்க வேண்டிய 180 வினாக்களில் 81 சரி, 52 தவறு, 47 விடப்பட்டவை. சரியானவற்றில் 58 உயிரியல், 14 வேதியியல், ஒன்பதே ஒன்பது இயற்பியல். பிறகு அந்த 52 தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்து, “இது ஏன் போச்சு?” என்று கேட்டேன். பென்சிலால் பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தோம். உயிரியலில் தவறிய இருபதில் எட்டு வினாக்கள் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவை. ‘கீழ்க்கண்டவற்றுள் தவறானது எது’ என்பதைச் சரியானது எது என்று படித்திருக்கிறாள், அல்லது இரண்டு கூற்றுகளில் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுக் குறித்திருக்கிறாள். சரியான விடைக்கு நான்கு கூடும், தவறுக்கு ஒன்று குறையும் என்பதால், அந்த எட்டு மட்டும் நேராகியிருந்தால் நாற்பது மதிப்பெண் ஏறியிருக்கும். இயற்பியலில் வேறு நோய். சூத்திரம் மனப்பாடமாக இருந்தது. 10-இன் அடுக்குகளைப் பெருக்கவும் வகுக்கவும் கை வரவில்லை. அது இயற்பியல் குறைபாடு என்று சொல்வதைவிட ஒன்பதாம் வகுப்புக் கணக்குக் குறைபாடு என்று சொல்வதே பொருந்தும். அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் போதும் என்று எங்கள் கணித ஆசிரியர் சொன்னார்; அவரே சொல்லியும் கொடுத்தார்.

அவளிடம் இன்னொன்றும் இருந்தது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. நீதிபதி பொ. கலையரசன் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு இயற்றப்பட்ட அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டிலேயே, அதுவரை விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த, மருத்துவப் படிப்பில் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் உயர்ந்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆகவே ஒரே 272, இவளுக்கு ஒரு பொருளும், தனியார் பள்ளியில் படித்த அந்த மாணவனுக்கு வேறு பொருளும் தருகிறது. எண்ணை மட்டும் கேட்டு அறிவுரை சொல்லக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. அவள் மறு ஆண்டு எழுதினாள். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை; பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ். கிடைத்தது, சேர்ந்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவளிடம், “எம்.பி.பி.எஸ். உறுதின்னு சொல்ல மாட்டேன், ஆனா இந்த வருஷம் உனக்கு வீணாகாது” என்றுதான் சொல்லியிருந்தேன். அதைச் சொல்லும் தைரியத்தை அந்தப் பென்சில் குறிப்புகளே எனக்குக் கொடுத்தன.

மதிப்பெண்ணைவிடத் தரவரிசையைப் பாருங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். 2024-இல் திருத்திய முடிவின்படி 17 பேர் 720-க்கு 720 வாங்கினார்கள். அடுத்த ஆண்டு வினாத்தாள் கடினமாகி, நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686-ஆக இறங்கியது. ‘போன வருஷம் இத்தனைக்குக் கிடைச்சது’ என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டு நம்பிக்கை கொள்வதும் மனமுடைவதும் ஒரே அளவுக்குத் தவறு.

உண்மையைச் சொல்ல ஏன் தயங்குகிறோம் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 வாங்கிய அரியலூர் மாவட்டத்து அனிதாவை 2017-இல் இழந்த பிறகு, எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு ஓர் அச்சம் நெஞ்சில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுப் பிள்ளை வீட்டுக்குப் போய் என்ன செய்யுமோ என்ற அச்சம் அது. அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் முடிவு வந்த அன்றைக்கு நான் எதையும் பேசுவதில்லை. அன்று அந்தப் பிள்ளை சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், தனியாக இருக்கக் கூடாது. இவ்வளவுதான் பெற்றோரிடம் சொல்வேன். பிள்ளையின் பேச்சில் சிறு மாற்றம் தெரிந்தாலும் 104 என்ற அரசு உதவி எண்ணை அழையுங்கள், இரவானாலும் தயங்க வேண்டாம் என்பேன். கணக்குப் பார்ப்பது அடுத்த வாரம். ஆனால் அடுத்த வாரமும் பார்க்காமல் தள்ளிப்போட்டால், அதே அதிர்ச்சியை இரண்டாண்டு வட்டியோடு அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறோம். மூன்றாவது தோல்வியைத் தாங்குவது முதல் தோல்வியைத் தாங்குவதைவிடக் கடினம் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நாம் சொல்லாமல் விடும் இடத்தில் வேறொருவர் வந்து பேசிவிடுகிறார் என்பதும் உண்டு. ‘நீட் தேர்ச்சி போதும், வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்.’ என்ற சுவரொட்டி எங்கள் ஊர்ப் பேருந்து நிலையம் வரை வந்துவிட்டது. வெளிநாட்டில் நன்றாகப் படித்துத் திரும்பி நல்ல மருத்துவராகப் பணியாற்றுபவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் திரும்பி வந்ததும் எழுத வேண்டிய தகுதித் தேர்வில் 300-க்கு 150 வாங்க வேண்டும். பெரும்பாலான முறை அதில் மூன்றில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. இயற்பியலில் ஒன்பது கேள்விக்கு மேல் போட முடியாமல் போனதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஒரு பிள்ளையை விமானத்தில் ஏற்றி அனுப்பினால், அந்தக் குறை விமானத்தில் கூடவே போகும். வீட்டை அடமானம் வைப்பதற்கு முன்பு பெற்றோர் இதைக் கேட்டாக வேண்டும்.

312 வாங்கிய பையனிடம் வருகிறேன். அன்று மாலை அவனிடம் வினாத்தாளும் விடைக்குறிப்பும் கொண்டுவரச் சொன்னேன், சனிக்கிழமை வந்தான். இரண்டு மணி நேரம் பார்த்தோம். அவன் தவறுகளில் கவனக்குறைவு மிகச் சில. பெரும்பாலானவை படித்தும் புரியாதவை. தனியார் பள்ளி மாணவன் என்பதால் உள் ஒதுக்கீடும் இல்லை. அவன் அம்மாவையும் உட்கார வைத்து, இந்த மதிப்பெண்ணுக்கு அரசு ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காது என்றும், இன்னோர் ஆண்டு எழுதினாலும் கிடைக்கும் அளவுக்கு ஏறும் என்று என்னால் சொல்ல முடியவில்லை என்றும், எழுதித்தான் தீர வேண்டும் என்றால் துணை மருத்துவப் படிப்புக்கு இன்றே விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவெடுங்கள் என்றும் சொன்னேன். அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போன வருஷம் கோச்சிங்ல இதை யாருமே சொல்லல டீச்சர்” என்றார்.

பையன்தான் முதலில் பேசினான். “எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கறதுக்குப் படிப்பு இருக்குல்ல டீச்சர், அதுக்கு பிளஸ் டூ மார்க் பார்ப்பாங்களா?” என்று கேட்டான். பார்ப்பார்கள் என்றேன். அது பி.எஸ்சி. ரேடியோகிராஃபி, பட்டப்படிப்பு, மருத்துவமனைதான் வகுப்பறை என்று விளக்கினேன். இதை எப்போதிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டதற்கு, பாட்டிக்கு ஸ்கேன் எடுக்க தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போன நாளிலிருந்து என்றான். அவன் அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அது புதிய செய்தி. பிறகு அந்தப் பிளாஸ்டிக் உறையைத் திறந்து, விண்ணப்பத்துக்கு எந்தெந்தச் சான்றிதழ் வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.