75 ரூபா கூடிய கதை

எங்கள் கணக்கீட்டுச் சேர் காலமான செய்தி வட்ஸ்அப்பில் கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்தபோது அலுவலகத்தில் ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கிற அவசரம். அழ நேரமில்லை என்று சொல்லியிருந்தால் மனுசன் சந்தோஷப்பட்டிருப்பார்.

கணிதமும் உயிரியலும் ஓடாதவர்கள் ஒதுங்கும் இடம்தான் கொமர்ஸ் வகுப்பு என்று மற்றப் பிரிவுக்காரர் சொல்லித் திரிந்தார்கள். அப்போது உயர்தரத்துக்கு நான்கு பாடங்கள். விடிய டியூசன், பிறகு பள்ளி, பின்னேரம் திரும்பவும் டியூசன், இரவில் கரண்ட் இருந்தால் பாஸ்ட் பேப்பர். வரவு செலவுப் பக்கங்கள் சமமா என்று பார்க்கும் பரீட்சை மீதி பொருந்தாவிட்டால், "வித்தியாசத்தை ஒன்பதால் பிரிச்சுப் பார்" என்பார் சேர். மீதியின்றிப் பிரிந்தால் எங்கோ 54ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கக் கூடும். இன்றைக்கும் நான் முதலில் செய்வது அதைத்தான். இங்குள்ள இளம் பெடியள் ஏதோ மந்திரம் என்று நினைக்கிறார்கள்.

1995 தொடக்கத்தில் யுத்தநிறுத்தம். திருகோணமலை டச்பே கடற்கரையைத் தாண்டிப் போக வழி பிறந்ததும் வர்த்தக மன்றம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குச் சுற்றுலா போனது. நான் பொருளாளர். ஏழு கிணறும் ஏழு சூடு. எதிலிருந்து அள்ளி யார் தலையில் ஊற்றுவது என்பதே அன்றைய விளையாட்டு. அதைவிடச் சந்தோஷமாக நாங்கள் இருந்ததாக ஞாபகமில்லை.

திங்கட்கிழமை சேரிடம் கணக்கு ஒப்புவித்தேன். 75 ரூபா கூடியிருந்தது. குறைந்திருந்தால் கையிலிருந்து போட்டிருப்பேன்.

"காசு கூடினாலும் பிழைதான். ஆருடையது?"

எனக்குத் தெரியும். காசு கட்ட வழியில்லாத ஒருவனுக்காகக் கிண்ணியாவிலிருந்து பாதையில், அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவையில், வரும் நண்பன் இரகசியமாகக் கட்டியிருந்தான். புறப்படும் நேரத்தில் அந்தப் பெடியனின் அம்மா கசங்கிய தாள்களாக 75 ரூபாவைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். திருப்பிக் கொடுத்தால் அவருக்கு விஷயம் விளங்கிவிடும். வகுப்பில் சொன்னால் இரண்டு பேரின் மானமும் போகும். பேசாமல் நின்றேன். இரண்டு பாடவேளையும் காசேட்டைப் பிடித்தபடி நிற்க வைத்தார். "கள்ளன் குறைச்சுத்தான் காட்டுவான், நீ புதுவிதக் கள்ளன்" என்றார். வகுப்பே சிரித்தது. காசு கட்டாத அந்தப் பெடியனும் சிரித்தான். கடைசியில், "தொங்கல் கணக்கில போட்டு அடுத்த கமிட்டிக்குக் குடு" என்று உட்காரவிட்டார். காரணம் தெரியாத வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கிற கணக்கு அது. அன்றைக்கு அவரை எவ்வளவு வெறுத்தேன்!

ஏப்ரல் 19 துறைமுகத்தில் கடற்படைப் படகுகள் தகர்ந்தன. யுத்தநிறுத்தமும் முடிந்தது. ஓகஸ்டில் சோதனை. பாதை ஓடுமோ ஓடாதோ என்ற பயத்தில் சேர் கிண்ணியா நண்பனைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துச் சாப்பாடும் போட்டார். அங்கே அவன் அந்தக் காசு விஷயத்தைச் சொல்லாமலா இருந்திருப்பான்? சேர் என்னிடம் அதன் பிறகு அதைப் பற்றி மூச்சே விடவில்லை. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்தக் காலத்து வாத்திமாருக்கு இல்லை. சரி, விடுங்கள்.

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், முகாமைத்துவத்துக்கு எனக்கும் இடம் கிடைத்தது. அதற்குள் மாமா ஏஜென்சிக்குக் காசு கட்டிவிட்டார். பயணம் சொல்லப் போனபோது, "டிகிரியை முடிச்சிட்டுப் போகலாமே" என்றார் சேர். எனக்காக அம்மாதான் பதில் சொன்னார்.

நண்பன் வந்தாறுமூலைக்குப் போனான். இப்போது வங்கி முகாமையாளர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அவனுக்குப் பாதையும் தேவைப்படவில்லை. மாதத்தில் ஒருநாளாவது கதைப்போம். அவன் கம்பஸ் கதைகளைத் தொடங்கினால் மட்டும், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சாட்டுச் சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன்.