மெத்தை வேண்டாம், தகடு வையுங்கள்

ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் வேளச்சேரிப் பக்கம் ஒரு டர்ஃப் மைதானத்தில் ஃபுட்பால் ஆடுவோம். நாற்பத்திரண்டு வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் இடது முன்பாதம் செயற்கைப் புல்லில் சிக்கி நிற்க, பின்னால் ஓடி வந்தவர் என் குதிகால் மேலேயே விழுந்தார். கட்டைவிரல் மேல்நோக்கி மடங்கியது.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. விரலின் அடிமூட்டில் ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். இந்தக் காயத்தின் பெயரே ‘டர்ஃப் டோ’. செயற்கைப் புல்லில் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஆடிய வீரர்களைப் பார்த்து 1976-ல் எழுதப்பட்ட ஒரு மருத்துவக் கட்டுரையில் வந்த பெயர்.

வலித்தால் மெத்தை வைக்க வேண்டும் என்பது என் கணக்கு. மெடிக்கல் ஷாப்பில் சிலிகோன் ஜெல் பேட் வாங்கினேன், ஷூவும் பஞ்சு மாதிரி ஒன்று. பத்து நாளில் வலி கூடியதுதான் மிச்சம்.

பிசியோதெரபிஸ்ட் அந்த ஷூவை வாங்கி இரண்டு கையாலும் மடக்கினார். தோசை மாதிரி மடங்கியது. “சார், இது மடங்குற இடத்துலதான் உங்க விரலும் மடங்குது.” குதிகால் எழும்போதெல்லாம் உடம்பின் எடை அந்த மூட்டை வளைத்துக்கொண்டுதான் போகும். அடியில் எத்தனை மெத்தை போட்டாலும் வளைவு நிற்காது. ஷூ மடங்காமல் இருந்தால்தான் விரலும் மடங்காமல் இருக்கும்.

அவர் சொன்னது கார்பன் ஃபைபர் தகடு. ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கனம், கையால் வளைத்தால் அசையாது. ஷூவின் இன்சோலை எடுத்துவிட்டு அடியில் இதை வைத்து, மேலே இன்சோலைப் போட வேண்டும். ஆன்லைனில் வாங்கும்போது ஒரு தப்பு செய்தேன். அங்கே போட்டிருந்தது அமெரிக்க அளவு. நம் 8 அங்கே 9. முதலில் வந்த தகடு குட்டையாக இருந்து, நடக்க நடக்க முன்னும் பின்னும் வழுக்கியது. திருப்பி அனுப்பி மாற்ற ஒரு வாரம் போனது.

முதல் நாள் பலகையைக் கட்டிக்கொண்டு நடப்பது போல இருந்தது. குதிகால் ஷூவை விட்டு வெளியே வந்தது, சாயங்காலம் கெண்டைக்கால் வலி வேறு. லேஸைக் கடைசி ஓட்டை வரை கோத்து இறுக்கியதும் குதிகால் அடங்கியது. முதலில் இரண்டு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். மூன்றாவது வாரம் அலுவலகப் படிகளில் வலியில்லாமல் இறங்கினேன்.

சங்கடம் வீட்டில்தான். நம் வீடுகளில் ஷூ வாசலோடு சரி. வெறுங்காலில் டைல்ஸ் தரை, சாப்பிட்டுவிட்டுத் தரையிலிருந்து எழும்போது விரல் மடங்கத்தான் செய்யும். பகலெல்லாம் தகடு காப்பாற்றியதை ராத்திரி நானே கெடுத்துக்கொண்டிருந்தேன். கெட்டியான சோல் உள்ள சாண்டல் ஒன்றை வீட்டுக்கென்று வாங்கினேன். அம்மா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

அப்பாவும் தனக்கு ஒரு தகடு கேட்டார். அவருக்குச் சர்க்கரை, பாதத்தில் உணர்வு குறைவு. கெட்டியான தகடு அழுத்திப் புண்ணானால் தெரியவே தெரியாது, கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு மாதமாகிறது. நடப்பதில் பிரச்சினை இல்லை. பைக்கில் கியரை மேலே தூக்கும்போது மட்டும் கட்டைவிரல் சுருக்கென்கிறது. அதனால் இப்போதைக்கு மனைவியின் ஸ்கூட்டரில்தான் அலுவலகம். அவர் என் பைக்கை ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்.