ரவிக்கைத் துணிப் பெட்டி

ஜூன் 3
பரணில் இருந்த இரும்புப் பெட்டியை இறக்கினேன். நவராத்திரிக்கும் வளைகாப்புக்கும் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகள் மட்டும் 64. அடியில் அம்மாவின் பச்சைச் சுங்குடிப் புடவை. மூடிவிட்டேன்.

ஜூன் 4
அக்கா பேசினாள். ஃபேன் போட்டாலே குளிருகிறதாம்.

ஜூன் 5
மறுபடி திறந்தேன். போர்வை தைக்கப்போகிறேன். மிஷினைத் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது. எண்ணெய் விட்டு, பெல்ட்டை இறுக்கி மிதித்ததும் பழைய சத்தம் வந்தது. எவ்வளவு சந்தோஷம்!

ஒவ்வொரு துணியிலும் ஓர் இழை உருவி நெருப்பில் காட்டினேன். பருத்தி காகித வாசனையோடு சாம்பலாகிறது. பாலியஸ்டர் சுருண்டு கறுப்பு மணியாக நிற்கிறது. தேறியது 23. எல்லாம் நல்ல டூ பை டூ பருத்தி. உடம்பில் உறுத்தக் கூடாது, அதனால் மற்றவை வேண்டாம்.

நடுவில் வைக்க அப்பாவின் எட்டு முழ வேட்டி. இரண்டாக மடித்தால் ஓர் ஆள் படுக்கும் அளவு வருகிறது. 6 அங்குலச் சதுரங்கள், 9க்கு 13, மொத்தம் 117. ஒரே துணியில் 30 சதுரம் வெட்டலாம். ஆனால் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் அக்கா மேல் இருக்க வேண்டும். துணிக்கு நாலைந்து போதும்.

ஜூன் 8
108 வெட்டியாயிற்று. நடு வரிசைக்கு 9 பாக்கி.

ஜூன் 11
போன் வரவில்லை. மிஷினில் உட்காரவில்லை.

ஜூன் 12
இரண்டு வரிசை பிரித்தேன். கால் அங்குலம் விட்டுத்தான் தைத்தேன், ஆனால் ஒவ்வொரு தையலிலும் நூலளவு விலகி, வரிசை முடிவில் அரை அங்குலம் ஏறிவிட்டது. இப்போது ஒரு வரிசையின் மடிப்பை வலப்பக்கம், அடுத்ததை இடப்பக்கம் சாய்த்து இஸ்திரி போடுகிறேன். சேர்க்கும்போது மூலைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. விரலால் தடவினால் மேடு தெரியவில்லை. இரவு இரண்டு மணி.

ஜூன் 15
சுங்குடியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். மூன்றாவது தண்ணீரிலும் பச்சை. இத்தனை வருஷம் கழித்தும் சாயம் இருக்கிறது. நிழலில் உலர்த்தினேன். புள்ளிகள் ஒன்றுபோல் இல்லை; ஒவ்வொன்றும் ஒரு கை முடிந்த முடிச்சு.

வெட்ட மனம் வரவில்லை.

ஜூன் 19
மிஷினுக்கு மூன்றாவது ஊசி.

ஜூன் 20
அக்காவிடம் சுங்குடியைப் பற்றிச் சொன்னேன். அம்மா அதைக் கட்டிக்கொண்டுதான் அவளை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாளாம், முந்தானையை விடவே இல்லையாம். எனக்கு இது தெரியாது. கொஞ்ச நேரம் மூச்சுதான் கேட்டது. அப்புறம், “முந்தானைப் பக்கமா எடுடி” என்றாள்.

ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். இழை பிசகாமல் நேராகக் கிழிந்தது. ஒன்பது சதுரம்.

ஜூன் 22
மேலே சதுரங்கள், நடுவில் வேட்டி, கீழே சதுரம் வெட்டியது போக மிச்சமான துணிகளைப் பட்டை பட்டையாக ஒட்டுப்போட்ட பக்கம். மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல். நடுவில் தொடங்கி வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் துணி நடுவில் சேர்ந்து சுருங்கும். அதனால் முதல் தையல் பச்சையில்.

அக்கா இன்று இரண்டு இட்லி சாப்பிட்டாளாம்.

ஜூன் 24
நான்கு வரிசை ஆயிற்று. விரல் நுனி பொத்துவிட்டது. பச்சை நூல் தீர்ந்துவிட்டது, நாளை கடை திறந்ததும் வாங்க வேண்டும்.