ஆபரேட்டர் கேபினிலிருந்து பார்த்த பேய்

பதினோரு வருஷம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தேன், ஆரம்பத்தில் பிலிம், அப்புறம் டிஜிட்டல். ஒரு நாளைக்கு நாலு காட்சி ஓட்டுகிறவனுக்கு இரண்டாவது நாளே படம் மனப்பாடம் ஆகிவிடும். அதற்குப் பிறகு கேபின் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்ப்பது குறைந்துபோய், கீழே உட்கார்ந்திருக்கிற தலைகளைப் பார்ப்பதுதான் அதிகம். எந்த வசனத்துக்குச் சிரிப்பார்கள், எந்தப் பாட்டுக்கு எழுந்து வெளியே போவார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. எந்தப் பேய்ப்படம் நிஜமாகவே பயமுறுத்துகிறது, எது வெறுமனே திடுக்கிட வைக்கிறது என்பதையும் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டேன். இருட்டுக்குள் எத்தனை செல்போன் வெளிச்சம் தெரிகிறது என்று எண்ணுவேன், அதுதான் என் அளவுகோல்.

2016 ஜூனில் 'தி கான்ஜுரிங் 2' வந்தது. அப்போது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பழைய தியேட்டரில் இருந்தேன். மேனேஜர் முதல் காட்சிக்கு முன்னாலேயே கேபினுக்கு வந்து, "பேய்ப்படம்டா தம்பி, சவுண்டை நல்லா ஏத்தி வை" என்றார். சவுண்டைக் கூட்டிக் குறைக்கும் எங்கள் டால்பி பிராசஸரில் அளவை வழக்கமாக ஐந்துக்குக் கீழேதான் வைப்போம், படத்தை மிக்ஸ் செய்கிறவர்கள் கணக்கு வைப்பது ஏழு. சரி என்று ஆறரைக்கு ஏற்றினேன். திடீர்ச் சத்தம் வந்த இடத்திலெல்லாம் மக்கள் கத்தினார்கள், காதைப் பொத்தினார்கள், கத்தி முடித்த கையோடு பக்கத்து ஆளைத் தட்டிச் சிரித்தார்கள். பத்து விநாடிக்குள் அங்கங்கே செல்போன் வெளிச்சம். பயந்தவன் அவ்வளவு சீக்கிரம் போனை எடுக்க மாட்டான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

படத்தில் சத்தத்தைவிட அமைதிதான் அதிகம். ஒரு பலகை முனகும், மேல்மாடியில் ஏதோ உருளும், அதற்குமேல் ஒன்றும் இருக்காது. எங்கள் ஹாலில் இருந்த பழைய ஏசியின் இரைச்சலில் அதெல்லாம் அமுங்கிப்போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் சவுண்டை ஐந்தரைக்கு இறக்கிவிட்டு, முக்கியமான காட்சிகளுக்குப் பத்து நிமிஷம் முன்னால் அந்த ஏசியை மட்டும் நிறுத்திவைக்கச் சொன்னேன். கொஞ்சம் புழுங்கும்தான், ஆனால் ஒருவரும் குறை சொல்லவில்லை.

இன்டர்வெல் இன்னொரு பிரச்சினை. இங்கிலீஷ் படங்களில் இடைவேளை கிடையாது, எங்கே நிறுத்துவது என்று நாங்கள்தான் பார்த்து வைக்க வேண்டும். படம் 134 நிமிஷம். பேய்களைப் பற்றி விசாரிக்கும் வாரன் தம்பதிதான் கதையின் நாயகர்கள், அதில் மனைவி லொரெய்ன் தன் வீட்டு அறையில் மாட்டிக்கொள்ளும் காட்சி ஒன்று முதல் பாதியில் இருக்கிறது. சுவரில் கணவர் எட் வரைந்த, படத்தில் பேயாக வரும் கன்னியாஸ்திரியின் ஓவியம் தொங்குகிறது. ஒரு நிழல் சுவர் வழியாக மெதுவாக நகர்ந்து அந்த ஓவியத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. இருட்டுக்குள் வெள்ளை முகம், அது ஓவியமா ஆளா என்று தெரியாது. அப்புறம் சட்டத்தின் இரண்டு பக்கமும் விரல்கள் வருகின்றன. மேனேஜர் சொன்னபடி அந்தக் காட்சி முடிந்த கையோடு இடைவேளையை வைத்தேன். மக்கள் கத்திக்கொண்டே வெளியே போனார்கள், பாப்கார்ன் டப்பாவை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்து அந்த உருவத்தைப் போலவே நடித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். இரண்டாம் பாதி சிரிப்போடு தொடங்கியது, அதோடு படம் செத்தது.

மறுநாள் வாரன் தம்பதி லண்டனில் பேய்த் தொல்லை இருக்கும் என்ஃபீல்டு வீட்டு வாசலுக்கு வந்து சேரும் இடத்துக்கு இடைவேளையைத் தள்ளினேன். அங்கே பயமுறுத்த ஒன்றும் கிடையாது, யாரோ ஒரு வீட்டுக்குள் போகிறார்கள், அவ்வளவுதான். மக்கள் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள், பாத்ரூமுக்குக்கூட இரண்டு மூன்று பேராகச் சேர்ந்தே போனார்கள். பயத்தை இறக்கிவைக்க நாங்கள் இடம் கொடுக்காததால் அதை வெளியிலும் தூக்கிக்கொண்டே திரிந்தார்கள் என்று நினைக்கிறேன்.

இடைவேளைக்குப் பிறகு வரும் காட்சிதான் எனக்குப் பாடம். முதல் காட்சி ஓட்டியபோது என் கை தானாகவே ஃபோகஸ் பட்டனுக்குப் போனது. திரையில் பாதி மங்கலாக இருந்தது. உற்றுப் பார்த்தால் முன்னால் எட் வாரனின் முகம் துல்லியமாகத்தான் இருக்கிறது. பின்னால் நாற்காலியில் இருக்கும் அந்த வீட்டுச் சிறுமி ஜேனட்டைத்தான் வேண்டுமென்றே மங்கலாக்கியிருக்கிறார்கள். தனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் பேசுவேன் என்கிறது அவளுக்குள் புகுந்திருக்கும் செத்துப்போன கிழவனின் குரல். அவரும் திரும்பி உட்காருகிறார், வெட்டாமல் நிமிஷக்கணக்கில் ஒரே ஷாட் போகிறது. அந்த மங்கலுக்குள் சிறுமி கிழவனாக மாறுகிறாளா என்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கீழே கத்தல் இல்லை, சிரிப்பும் இல்லை. தலைகள் மட்டும் முன்னால் சாய்ந்திருந்தன. நூற்றைம்பது பேர் இருந்த ஹாலில் ஒரு செல்போன் வெளிச்சம் இல்லை.

1977இல் என்ஃபீல்டில் ஹாட்ஜ்சன் குடும்பத்துக்கு நடந்ததாகச் சொல்லப்படுவதை வைத்து எடுத்த படம் அது. இயக்குநர் ஜேம்ஸ் வான். நான் பார்த்தவரை அவருக்கு மிக நன்றாகத் தெரிந்த விஷயம், பேயை எப்போது காட்டக்கூடாது என்பது. பாதிப் பேயைப் பார்க்கிறவனையே வரைய விட்டுவிடுகிறார். எனக்குத் தெரிந்த பயத்தை நான் வரைவேன், பக்கத்து சீட்டு அக்கா தனக்குத் தெரிந்ததை வரைவார். அந்தக் கன்னியாஸ்திரி வேடமும் அப்படித்தான். நம்பி அருகில் போகக்கூடிய ஒரு உடுப்புக்குள் அந்த முகத்தை வைத்திருக்கிறார்கள். அது ஓடி வருவதைவிட நடைக்கோடியில் அசையாமல் நிற்பதுதான் பயம், நம்மைப் பிடிக்க அதற்கு அவசரமே இல்லாத மாதிரி. இதே படத்தின் கிளைமாக்ஸில் அதை முழுசாக, நெருக்கமாக, ஆவேசமாகக் காட்டுகிறார்கள். அங்கே காட்சிக்குக் காட்சி செல்போன் வெளிச்சத்தை எண்ணியிருக்கிறேன், ஏழு, பத்து, பன்னிரண்டு. எனக்கு ரொம்பப் பிடித்த படம், ஆனாலும் அந்தக் கடைசிப் பகுதியில் பேய் வெறும் ஸ்டன்ட் ஆளாகிவிடுகிறது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு மல்டிபிளெக்ஸில் சேர்ந்தேன். 2018இல் அங்கே 'ஹெரிடிட்டரி' ஓட்டினோம், ஆரி ஆஸ்டர் இயக்கியது. பாதிக் கூட்டத்துக்குப் படம் பிடிக்கவில்லை, மெதுவாகப் போகிறது என்றார்கள். கடைசிப் பகுதியில் பையன் இருட்டறையில் கண்விழிக்கிறான். அவனுக்குப் பின்னால், சுவரும் கூரையும் சேரும் மூலையில், அவன் அம்மா பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். பார் என்று இசை சொல்லாது, கேமராவும் அருகில் போகாது. அவள் பாட்டுக்கு அங்கே இருக்கிறாள்.

அதை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் முதலில் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். அப்புறம் நடுவில் இரண்டு பையன்கள், "டேய், மேல பாரு, மேல" என்று முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பின்னால் ஏறி வந்தது. இன்னும் பார்க்காதவர்கள், எதைச் சொல்கிறார்கள் என்று தெரியாமலேயே பயந்தார்கள். கடைசி வரிசையில் இருந்த கல்லூரிப் பையன் ஒருவன் திரையை விட்டுத் திரும்பி, எங்கள் ஹாலின் பின்பக்க மூலையை அண்ணாந்து பார்த்தான். அங்கேதான் கேபின் கண்ணாடி இருக்கிறது. நான் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.