வற்றும் குட்டையில் பூக்கும் புதினா

கலிபோர்னியாவின் சான் டியேகோ மேட்டுச் சமவெளிகளில் மட்டுமே வளரும் ஒரு சிறு செடி பல நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. 'சான் டியேகோ மேசா மின்ட்' எனப்படும் அது, நம் துளசியும் தும்பையும் சேர்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஓரடி உயரத்தைத் தாண்டுவதில்லை. நீரை உள்ளிறங்க விடாத களிமண் அடுக்கின் மேல் குளிர்கால மழை தேங்கி உருவாகும் ஆழமற்ற குட்டைகளே அதன் வாழிடம். குட்டை வற்ற வற்றத் தழைத்து, தரை காய்ந்த மே, ஜூன் மாதங்களில், இரண்டு உதடுகளாகப் பிளந்த சிறு ஊதாப் பூக்களை அது மலர்த்துகிறது. இலையைக் கசக்கினால் காரமான புதினா மணம் விரல்களில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் செடி மடிய, விதைகள் மண்ணுக்குள் அடுத்த மழைக்குக் காத்திருக்கின்றன.

அமெரிக்க அரசு 1978ஆம் ஆண்டிலேயே இதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்துவிட்டது. ஆயினும் அந்நகரின் மழைக்குட்டைகளில் பெரும்பகுதி வீடுகளுக்காகவும் சாலைகளுக்காகவும் சமப்படுத்தப்பட்டுவிட்டது. எஞ்சியவற்றில் கணிசமானவை மிராமார் ராணுவ விமானத் தளத்துக்குள் இருப்பதால் பிழைத்திருக்கின்றன. கோடையில் பார்ப்பவருக்கு அவை வெறும் காய்ந்த பள்ளங்களாகத் தெரிவதே இந்த அலட்சியத்துக்கு முதற்காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கட்டடம் எதுவும் எழ வேண்டியதில்லை, ஈர மண்ணில் வண்டி ஏற்றினாலே அந்தக் குட்டையில் நீர் தேங்கும் விதம் மாறிவிடும்.