ஈரக் காற்றுக்கு ஏற்ற பூ அலங்காரம்

வீட்டு அலங்காரம் பற்றி இணையத்தில் கிடைக்கும் காணொளிகளில் பல, காற்று வறண்டிருக்கும் ஊர்களில் எடுக்கப்பட்டவை. ரோஜாக் கொத்தைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு இரண்டு வாரம் காத்திருந்தால் போதும் என்று அவற்றில் சொல்லப்படும் குறிப்பு, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1 பாகையில், காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் சிங்கப்பூரில் செல்லுபடியாகாது. பூ உலர்வதற்குள் அதன் அடியில் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே இங்கே கைவேலைக்கு உட்காருமுன், நம் வீட்டுக் காற்றில் அந்தப் பொருள் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

உலர்பூக்களை விரும்புவோர் முதலில் நாட வேண்டியது காகிதப்பூவை. சிங்கப்பூரின் மேம்பாலங்களை ஓரமெங்கும் நிறைத்திருக்கும் அந்தச் செடியில் நாம் இதழ் என்று எண்ணும் வண்ணப் பகுதி உண்மையில் நிறம் மாறிய இலைதான். அதன் நடுவே இருக்கும் சிறிய வெண்ணிறக் குழல்தான் பூ. நீர்ச்சத்து மிகக் குறைவாக இருப்பதால் அந்த வண்ண இலைகள் தடித்த புத்தகத்தினுள், மை உறிஞ்சும் தாள்களுக்கு இடையில் வைத்த சில நாட்களிலேயே மெல்லிய தகடுகளாக உலர்ந்துவிடுகின்றன. சங்குப்பூவும் அவ்வாறே எளிதில் உலரும். ஆர்க்கிட், ரோஜா போன்ற சதைப்பற்றுள்ள பூக்களுக்குச் சிலிக்கா ஜெல் மணிகள் தேவைப்படும். காற்றுப் புகாத டப்பாவில் மணிகளைப் பரப்பி, பூவை நிமிர்த்தி வைத்து, இதழ்களின் இடுக்குகளிலும் மணிகள் இறங்குமாறு மெதுவாக மூடி, ஏறத்தாழ ஒரு வாரம் விட்டுவிட்டால் வடிவம் குலையாமல் உலர்ந்த பூ கிடைக்கும். ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறிய மணிகளை அடுப்பில் மிதமான சூட்டில் வாட்டி மீண்டும் பயன்படுத்தலாம். உலர்ந்த பூவைத் திறந்த தட்டில் வைத்தால் அது காற்றிலுள்ள ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டு தளர்ந்துவிடும் என்பதால், கண்ணாடிச் சட்டத்தினுள்ளோ மூடிய குப்பியினுள்ளோ வைப்பதே பொருத்தம்.

பூங்காக்களில் அனுமதியின்றிப் பூப்பறிப்பது இந்நாட்டில் சட்டப்படி குற்றம். எனவே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் வெயில் படும் இடத்தில் ஒரு காகிதப்பூத் தொட்டி வைத்துக்கொள்வதே நேர்மையான வழி. அதற்கும் ஓர் எல்லை உண்டு: தீ விபத்தின்போது மக்கள் வெளியேறுவதற்காகப் பொதுத் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலமாவது தடையின்றி இருக்க வேண்டும்.

புதுப் பூக்களுக்கு நாம் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவைத்தான் நம்பியிருக்கிறோம். பஃபலோ ரோட்டிலும் கேம்பல் லேனிலும் தொடுத்த மல்லிகை முழக்கணக்கில் கிடைக்கும்போது எதற்காக உதிரிப் பூ வாங்கிக் கட்டுவது என்று கேட்பவர்கள் உண்டு. என் பதில், கட்டும் நேரமே அதன் இன்பம் என்பதுதான். இதை நான் யாரிடமும் வாதிட்டு வென்றதில்லை. தண்ணீரில் நனைத்து மென்மையாக்கிய வாழைநாரின் மேல் இரண்டு மொட்டுகளை ஒரு பக்கமும் இரண்டை எதிர்ப்பக்கமுமாக, காம்புகள் நடுவில் சந்திக்குமாறு வைத்து, நாரை ஒருமுறை சுற்றி, விரலில் வளையமாக்கிப் பூக்களின் மேல் போட்டு இழுத்தால் முடிச்சு விழும். வாழைநார் ஈரத்தைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருக்கும். நைலான் இழையைப் போல மெல்லிய காம்பை அறுக்காது. இடையிடையே மரிக்கொழுந்தும் கனகாம்பரமும் சேர்த்தால் வாசலுக்கும் படங்களுக்கும் ஏற்ற சரம் தயாராகிவிடும். மிஞ்சிய பூவை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். நெகிழிப் பையில் இறுகக் கட்டி வைத்தால் உள்ளே நீர்த்துளிகள் கோத்து இதழ்கள் பழுப்பேறும்.

தோரணத்துக்கு மாவிலை எளிது, தென்னங்குருத்தோலை அழகு. நோன்புப் பெருநாளுக்கு முன் கேலாங் சிராய் சந்தையில் மலாய்க்காரர்கள் அரிசியை நிரப்பி வேகவைக்கும் கெத்துப்பாட் கூடு பின்னுவதும் இதே இளம் ஓலையில்தான். அவர்கள் விரல்கள் ஓலையை மடக்கும் விதத்தைக் கூர்ந்து பார்ப்பவர், ஓலைக் கிளியும் கிலுகிலுப்பையும் செய்வதற்குத் தனிப் பாடம் தேட வேண்டியதில்லை.

உருளியில் பூ மிதக்கவிடுவது இப்போது பல வீடுகளின் வரவேற்பறையில் நிலையான காட்சியாகிவிட்டது. எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள் தேங்கிய தெளிந்த நீரிலேயே முட்டையிடும்; முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். பூச்சாடி நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் அறிவுரை உருளிக்கும் பொருந்தும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருந்து, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியவை என்பதால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதைத் தவறாமல் செய்ய இயலாதவர்கள் உருளியில் நீருக்குப் பதிலாகப் பச்சரிசியைப் பரப்பி, அதன்மேல் காம்பு நீக்கிய சாமந்திப் பூக்களை நெருக்கி அடுக்கலாம். மாலைவரை அவை வாடாமல் நிற்கும்.

சாடியில் வைக்க, ஆர்க்கிட்டைப் போல இந்த வெப்பத்துக்கு ஒத்துப்போகும் பூ வேறில்லை. சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் டென்ட்ரோபியம் என்னும் ஆர்க்கிட் வகையின் காம்பைச் சாய்வாக வெட்டி வைத்தால் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். ஆனால் பூசை மேடையில் பழுத்த வாழைப்பழச் சீப்பை அதன் பக்கத்திலேயே வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. பழுக்கும் வாழைப்பழம் வெளியிடும் எத்திலீன் வாயு ஆர்க்கிட்டை விரைவில் வாடவைக்கும். மேடையின் ஒரு கோடியில் பழமும் மறுகோடியில் பூவும் இருப்பது நல்லது.

இந்த ஊருக்கே உரிய கைவேலைப் பொருள் ஒன்றையும் சொல்ல வேண்டும். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் அன்பளிப்புப் பணம் வைத்துத் தரும் அங்பாவ் உறைகள் குவிந்துவிடும். சீன நண்பர்கள் அவற்றை மடித்து விளக்குக் கூண்டுகள் செய்வது வழக்கம். நம் தீபாவளி உறைகளில் பச்சையும் ஊதாவும் பொன்னிறக் கோலங்களும் இருப்பதால் அவை பூக்களுக்கு மிகவும் ஏற்றவை. உறையை நீளவாக்கில் விசிறி மடிப்பாக மடித்து, நடுவில் நூலால் இறுக்கி, இருபுற மடிப்புகளையும் விரித்து ஓரங்களை ஒட்டினால் வட்டப் பூ உருவாகும். அவற்றைச் சணல் கயிற்றில் கோத்தால் வாசல் தோரணம். தாள் தடிமனாக இருப்பதால் ஈரக் காற்றில் துவளாது. கிரேப் தாளில் செய்யும் பூக்கள் முதல் நாள் இதைவிட அழகாகத்தான் இருக்கும். ஆனால் மழைச்சாரல் பட்டால் அவற்றின் சாயம் கரைந்து சுவரில் இறங்கும். ஒட்டுவதற்கு இருபுற ஒட்டுநாடாவைவிடச் சூட்டுப் பசையே இங்கு உறுதியானது, ஏனெனில் பிற்பகல் வெயில் அடிக்கும் கதவில் நாடா நெகிழ்ந்து தோரணத்தைக் கீழே விட்டுவிடும்.